கீழே இருக்கும் எண்

"பப்ளிக் ஹெல்த்தில் மாஸ்டர்ஸ் படிக்கிறேன்" என்று சொன்னால் தேக்காவில் பாதிப் பேர், "ஓ, டெங்கிக் கொசு பார்க்க வீட்டுக்கு வருவாங்களே, அதுவா?" என்று கேட்கிறார்கள். மீதிப் பேர், "அப்போ அடுத்து டாக்டர் ஆயிடுவீங்களா?" என்கிறார்கள். நம் அமைப்பின் தம்பி தங்கைகளும் இதையே கொஞ்சம் மரியாதையாகக் கேட்டார்கள். அதனால்தான் இந்தக் கட்டுரை. பொதுச் சுகாதாரத்தில் முதுநிலைப் பட்டம் என்றால் என்ன, அதில் என்னதான் சொல்லித் தருகிறார்கள் என்று எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன்.

நான் தாதி. வேலை பார்த்துக்கொண்டே சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பகுதிநேரமாகப் படிக்கிறேன். லிட்டில் இந்தியாவில் டவுன்டவுன் ரயில் ஏறி, பொட்டானிக் கார்டன்ஸில் வட்டப்பாதைக்கு மாறினால் கென்ட் ரிஜ். அங்கேதான் சா சுவீ ஹாக் பொதுச் சுகாதாரப் பள்ளி இருக்கிறது. 1948இல் மருத்துவக் கல்லூரிக்குள் ஒரு துறையாகத் தொடங்கி, 2011இல் தனிப் பள்ளியானது. பெயருக்கு உரிய பேராசிரியர் சா சுவீ ஹாக் மருத்துவர் அல்லர். புள்ளியியல் படித்தவர், மக்கள்தொகையை ஆராய்ந்தவர். மக்களை எண்ணுவதிலேயே வாழ்நாளைக் கழித்த ஒருவரின் பெயரை ஒரு சுகாதாரப் பள்ளிக்கு வைத்திருப்பது மிகப் பொருத்தம் என்பேன். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

என் வகுப்பில் மருத்துவர்கள் இருக்கிறார்கள், பல் மருத்துவர்கள், மருந்தாளர்கள், சமூக ஊழியர்கள் இருக்கிறார்கள். மருத்துவமே படிக்காதவர்களும் உண்டு. முழுநேரமாகப் படித்தால் ஓராண்டு, பகுதிநேரம் என்றால் இரண்டு. நோய் எப்படிப் பரவுகிறது என்று ஆராயும் எபிடெமியாலஜி, புள்ளியியல், சுற்றுப்புறமும் வேலையிடமும் உடல்நலத்தை எப்படிப் பாதிக்கின்றன என்பது, சுகாதாரக் கொள்கை, மக்களின் பழக்கவழக்கங்களை மாற்றுவது எப்படி என்பது ஆகியவை முக்கியப் பாடங்கள். கடைசியில் களத்தில் இறங்கி ஒரு செயல்திட்டம் செய்யணும். "கணக்கு வராது, படிக்கலாமா?" என்று ஒரு தங்கை கேட்டாள். பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும், மற்றதைக் கணினி போடும். ஆனால் எதை எதால் வகுக்கணும் என்று கணினி சொல்லாது. அதைச் சொல்லத்தான் இந்தப் படிப்பு.

முதல் பாடமே அதுதான். ஒரு பின்னத்தில் மேலே ஓர் எண் இருக்கும், கீழே ஓர் எண் இருக்கும். செய்திகளில் வருவது பெரும்பாலும் மேலே உள்ள எண். "இத்தனை பேருக்குக் காய்ச்சல்", "இத்தனை பேர் இறந்தனர்." எத்தனை பேரில் என்று யாரும் கேட்பதில்லை. சிராங்கூன் ரோட்டுக்கு அருகிலேயே இருக்கும் கேகே மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பாட்டிமார் கண்டாங் கிர்பாவ் என்று சொல்வார்களே, அது. 1966இல் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன. உலகத்திலேயே எந்த மகப்பேற்று மருத்துவமனையிலும் ஓராண்டில் அத்தனை குழந்தைகள் பிறந்ததில்லை என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. இப்போது ஒரு பேச்சுக்கு, இரண்டு மருத்துவமனைகளில் ஓராண்டில் தலா 40 குழந்தைகள் இறந்ததாக வைத்துக்கொள்வோம். ஒன்றில் 40,000 பிரசவம், இன்னொன்றில் 1,000. மேல் எண் ஒன்றேதான். ஆனால் முதலாவதில் ஆயிரத்துக்கு 1, இரண்டாவதில் ஆயிரத்துக்கு 40. ஒன்றைப் பாராட்டணும், மற்றொன்றில் உடனே விசாரணை தொடங்கணும். இதில் என்ன பெரிய படிப்பு என்று தோன்றும். எனக்கும் முதல் வாரம் தோன்றியது.

அந்த எண்ணம் மாறியது 2020இன் விடுதிக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோதுதான்.

கொவிட் வந்த அந்த ஆண்டு ஏப்ரலிலிருந்து வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதிகள் எப்படி இருந்தன என்பது நமக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் நாம் இடித்துக்கொண்டு நடக்கிற அதே அண்ணன்மார்தான் அறைக்குள்ளேயே மாதக்கணக்கில் இருந்தார்கள். அந்த டிசம்பரில் மனிதவள அமைச்சு வெளியிட்ட கணக்கு இது: விடுதிகளில் ஏறக்குறைய 323,000 பேர். பிசிஆர் பரிசோதனையில் தொற்று உறுதியானவர்கள் 54,505 பேர். வகுத்துப் பாருங்கள், சுமார் 17 விழுக்காடு. ஆனால் ரத்தப் பரிசோதனையில் இன்னும் 98,289 பேருக்கு, முன்பே தொற்று வந்து போன அடையாளம் தெரிந்தது. இரண்டையும் கூட்டினால் 152,794. அது 47 விழுக்காடு.

அதே ஆட்கள், அதே கட்டில்கள். ஒரு பரிசோதனை ஆறில் ஒருவர் என்கிறது, இரண்டையும் சேர்த்தால் கிட்டத்தட்ட இரண்டில் ஒருவர். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. பிசிஆர், பரிசோதிக்கும் நேரத்தில் மூக்கிலோ தொண்டையிலோ கிருமி இருக்கிறதா என்று பார்க்கிறது. ரத்தப் பரிசோதனை, கிருமியோடு உடல் சண்டை போட்ட தடயம் இருக்கிறதா என்று பார்க்கிறது. நடுவில் வந்து போனவர்கள், இருமல்கூட இல்லாமல் கடந்தவர்கள், முதலாவதில் சிக்குவதில்லை. எண்ணும் முறை மாறினால் மேல் எண் மாறும். ஆகவே ஓர் எண்ணைப் பார்த்ததும் இரண்டு கேள்வி: எத்தனை பேரில்? எப்படிக் கண்டுபிடித்தார்கள்? இவற்றுக்குப் பின்னால் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதைப் பிறகு சொல்றேன்.

எபிடெமியாலஜி வகுப்பில் எல்லா ஊரிலும் 1854இல் லண்டனில் காலரா பரப்பிய தண்ணீர்க் குழாயிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். நல்ல கதைதான். நமக்கு லண்டன் எதற்கு, கேலாங் சிராய் இருக்கிறதே. 2009 ஏப்ரலில் அங்கிருந்த தற்காலிகச் சந்தையில் இந்திய ரோஜாக் சாப்பிட்டவர்களுக்கு வயிற்றுப்போக்கும் வாந்தியும். 154 பேர் பாதிக்கப்பட்டார்கள், இருவர் இறந்தார்கள். விப்ரியோ பாராஹீமோலிட்டிக்கஸ் என்ற கிருமி, கடல் உணவில் இருப்பது. சமைக்காத கடல் உணவிலிருந்து ரோஜாக்கிற்குத் தொற்றியிருக்கலாம் என்பது சுகாதார அமைச்சின் முடிவு.

இப்படி ஒரு விசாரணையை நீங்கள் நடத்தினால் யாரைக் கேட்பீர்கள்? நோயாளிகளை என்றுதான் சொல்வீர்கள். பாதிதான் சரி. நோய் வராதவர்களையும் அதே கேள்விகளைக் கேட்கணும். ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். நோய் வந்த 40 பேரில் 36 பேர் ரோஜாக் சாப்பிட்டார்கள், 30 பேர் சோறும் சாப்பிட்டார்கள். நோயாளிகளை மட்டும் பார்த்தால் சோற்றின் மீதும் சந்தேகம் வரும். இப்போது அவர்களோடு அதே சந்தைக்கு வந்து நன்றாக இருக்கும் 40 பேரைக் கேட்கிறோம். சோறு சாப்பிட்டவர்கள் 29, ரோஜாக் சாப்பிட்டவர்கள் 10. சோறு இரண்டு பக்கமும் ஒரே அளவு, அது குற்றவாளி இல்லை. ரோஜாக்கைப் பாருங்க: நோயாளிகளில் சாப்பிட்டவர் 36, சாப்பிடாதவர் 4. அது 9 மடங்கு. மற்றவர்களில் 10க்கு 30, அதாவது மூன்றில் ஒரு பங்கு. 9ஐ மூன்றில் ஒன்றால் வகுத்தால் 27. இதற்கு ஆட்ஸ் ரேஷியோ என்று பெயர். இவ்வளவு பெரிய எண் தற்செயலாக வராது. நான்கு கட்டம் போட்ட ஒரு சின்ன அட்டவணை, அவ்வளவுதான். ஆனால் நன்றாக இருப்பவரிடம் போய் "முந்தாநாள் என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்கும் பழக்கம் தாதியாக எனக்கு இருந்ததில்லை. வார்டில் நன்றாக இருப்பவரை நாங்கள் பார்ப்பதே இல்லையே.

இனி நம் வீட்டு விஷயம்.

2010ஆம் ஆண்டு தேசிய சுகாதாரக் கருத்தாய்வின்படி 18 முதல் 69 வயது வரையிலான சிங்கப்பூர்வாசிகளில் 11.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. சீனர்களில் 9.7, மலாய்க்காரர்களில் 16.6, இந்தியர்களில் 17.2. ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடும் நம் பந்தி வரிசையில் ஒருவர். 2016இல் அரசாங்கம் நீரிழிவுக்கு எதிராகப் போர் என்றே அறிவித்தது. கோயிலில் இதைப் பற்றிப் பேசினால் ஓர் அங்கிள் தவறாமல் சொல்வார்: "அது நம்ம ரத்தத்துலயே இருக்கும்மா. எங்கப்பாவுக்கு இருந்துச்சு, எனக்கு இருக்கு, என் பையனுக்கும் வரும். என்ன செய்யறது?"

பரம்பரைக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. நம் போன்ற ஆசிய உடல்களில் எடை குறைவாக இருக்கும்போதே ஆபத்து தொடங்கிவிடுகிறது. அதனால்தான் உடல் எடைக் குறியீட்டுக்கு உலக அளவில் 25, 30 என்று எல்லை வைத்திருந்தாலும் சிங்கப்பூரில் 23, 27.5 என்று வைத்திருக்கிறார்கள். 1.70 மீட்டர் உயரம், 70 கிலோ எடை உள்ள ஒரு தம்பிக்குக் குறியீடு 24.2. உலகக் கணக்கில் பாஸ், சிங்கப்பூர்க் கணக்கில் எச்சரிக்கை. கண்ணாடியில் பார்த்தால் ஒல்லியாகத்தான் தெரிவான்.

ஆனால் "ரத்தத்திலேயே இருக்கிறது" என்பதோடு நிறுத்திவிட்டால் அந்தப் பையனைக் கைவிடுகிறோம். 1985இல் ஜெஃப்ரி ரோஸ் என்ற பிரிட்டிஷ் பேராசிரியர் எழுதிய ஒரு கட்டுரையை எங்களுக்குக் கட்டாயம் படிக்கக் கொடுக்கிறார்கள். அவர் இரண்டு கேள்விகளைப் பிரிக்கிறார். இந்த மனிதருக்கு ஏன் நோய் வந்தது என்பது ஒன்று. இந்த மக்கள் கூட்டத்தில் ஏன் இவ்வளவு பேருக்கு வருகிறது என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பரம்பரை பதிலாக இருக்கலாம். இரண்டாவதற்குப் பெரும்பாலும் பதில், எல்லாரும் சேர்ந்து செய்யும் ஏதோ ஒன்று. எல்லாரும் செய்வதால் அது யார் கண்ணிலும் படாது.

அன்னதானத்தை நினைத்துப் பாருங்கள். தட்டு நிறையச் சோறு, அப்பளம், கடைசியில் பாயசம். நீரிழிவு உள்ளவரைத் தனியாகப் பிடித்து, "நீங்க பாயசம் வாங்காதீங்க அங்கிள்" என்று சொல்வது ஒரு வழி. அவருக்கு அவமானம், நமக்கும் சங்கடம், பிரசாதத்தை யாரும் மறுக்கவும் மாட்டார்கள். இன்னொரு வழி, அண்டாவிலேயே சர்க்கரையைக் கொஞ்சம் குறைப்பது. ஒரு கப்பில் 15 கிராம் இருப்பதை 11 ஆக்கினால் நாக்குக்கு அவ்வளவாகத் தெரியாது. 400 பேர் சாப்பிட்டால் ஒரே வேளையில் 1.6 கிலோ சர்க்கரை மிச்சம். ஒருவருக்குக் கிடைக்கும் பலன் நான்கு கிராம்தான், சொல்லிக்கொள்ளும்படி எதுவுமில்லை. கூட்டத்துக்கு அது பெரிது. இதே யோசனையில்தான் பானங்களுக்கு ஏ, பி, சி, டி என்று நியூட்ரி-கிரேட் போடுகிறார்கள். 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் டி. 2022 டிசம்பர் கடைசியில் டப்பா, பாட்டில் பானங்களில் தொடங்கி, ஓராண்டு கழித்து அங்கேயே கலக்கித் தரும் பானங்களுக்கும் வந்தது. தரம் ஒட்டினால் தயாரிப்பாளரே சர்க்கரையைக் குறைத்துவிடுவார், வாங்குபவர் மனசு மாறவேண்டிய அவசியமில்லை. கோப்பிக்கடையில் "தே சி கொசோங்" சொல்லும் மன உறுதி எல்லாருக்கும் வராது, எனக்கும் வாரத்தில் பாதி நாள்தான் வருகிறது.

இப்போது அந்த மூன்றாவது கேள்வி. 17.2 என்ற எண்ணை மறுபடி பாருங்கள். அது சிங்கப்பூர்வாசிகளின் எண். குடிமக்களும் நிரந்தரவாசிகளும். ஞாயிற்றுக்கிழமை பஃபலோ ரோட்டில் நிற்கிறாரே புதுக்கோட்டைக்காரர், அவர் அதன் மேல் எண்ணிலும் இல்லை, கீழ் எண்ணிலும் இல்லை. "கீழ் எண்ணில் யார் விட்டுப்போயிருக்கிறார்கள்?" இதுதான் கேள்வி.

நம் இளையர்கள் கோயில் மண்டபத்தில் நடத்தும் இலவசப் பரிசோதனையில் இரண்டு தடவை நான் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தேன். காலை 9 மணிக்கு நல்ல கூட்டம். வந்தவர்களில் பலர் ஏற்கெனவே பலதுறை மருந்தகத்துக்குப் போகிறவர்கள், மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறவர்கள், போன முறையின் அட்டையையும் பத்திரமாகக் கொண்டுவந்தவர்கள். அந்த நேரத்தில் சமையல் கட்டில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் வரவில்லை. இரவு ஷிஃப்ட் முடிந்து தூங்கப்போன பாதுகாவலர் வரவில்லை. கடை திறந்த பூக்காரர் வரவில்லை. கடைசியில் கூட்டிப் பார்த்து "நம்ம ஆளுங்க நிலைமை பரவாயில்லை" என்றால், அது வந்தவர்களின் நிலைமைதான். பாடத்தில் இதற்குத் தேர்வுச் சார்பு என்று பெயர்.

வராதவர்களைத் தேடிப் போவதற்கு நம் பக்கத்திலேயே பெரிய முன்னுதாரணம் உண்டு. பெரியம்மை. சவுத் பிரிட்ஜ் ரோட்டில் 1827இல் எழுந்த மாரியம்மன் கோயிலின் அம்மனை அம்மை நோயிலிருந்து காப்பவளாகத்தான் நம் முன்னோர் கும்பிட்டார்கள். வீட்டில் அம்மை போட்டால் வேப்பிலை கட்டி, நோயாளியை உள்ளேயே வைத்திருப்பார்கள், ஆஸ்பத்திரிக் கணக்கில் வரவே வராது. இந்தியாவில் 1970களில் வேலை செய்த அம்மை ஒழிப்பு ஊழியர்கள் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து காத்திருக்கவில்லை. அம்மை கண்ட குழந்தையின் படம் போட்ட அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக, சந்தையில், பள்ளிக்கூடத்தில், "இப்படி யாருக்காவது இருக்கா?" என்று கேட்டார்கள். தகவல் சொன்னவருக்குப் பரிசு. கண்டுபிடித்ததும் சுற்றியிருப்பவர்களுக்குத் தடுப்பூசி. 1975இல் இந்தியாவில் அது ஓய்ந்தது. 1980இல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள். ஊருக்கெல்லாம் ஊசி போட்டு மட்டும் முடியாத காரியம், மறைந்திருந்த ஒவ்வொருவரையும் தேடியதால் முடிந்தது.

ஆனால் தேடிக் கண்டுபிடிப்பது மட்டும் போதாது என்பதை வகுப்பில் படிக்கும் முன்பே ஓர் ஊழியர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். போன தீபாவளிச் சந்தை சமயத்தில், மண்டப வாசலில் நின்றுகொண்டு உள்ளே வராமல் கேட்டார்:

"அக்கா, சுகர் இருக்குன்னு வந்தா முதலாளிக்குச் சொல்வீங்களா?"

"சொல்ல மாட்டோம் அண்ணே. அட்டையை உங்க கையிலதான் கொடுப்போம்."

"சரி. இருக்குன்னு தெரிஞ்சு நான் என்ன பண்றது? மாத்திரைக்கு மாசம் எவ்வளவு ஆகும்? ஊருக்கு அனுப்பிட்டா வாங்கின கடனை யாரு கட்டுவா?"

அவர் கேட்டதை உலகச் சுகாதார நிறுவனம் 1968இலேயே ஒரு விதியாக எழுதி வைத்திருக்கிறது. வில்சன், யுங்னர் என்ற இருவர் தொகுத்த பத்து நிபந்தனைகள். அவற்றில் ஒன்று, நோயைக் கண்டுபிடித்தால் சிகிச்சைக்கு வழி இருக்கணும். வழி காட்ட முடியாமல் விரலில் குத்துவது சேவை ஆகாது. ஒருவர் தலையில் கவலையை ஏற்றி அனுப்புவதுதான்.

அதனால் அடுத்த பரிசோதனைக்கு நம் குழுவிடம் சில மாற்றங்களைக் கேட்டிருக்கிறேன். நேரம் ஞாயிறு மாலை 4 முதல் 8 வரை. ஒரு மேசை மண்டபத்தில், ஒன்று சமையல் கட்டு வாசலில். இரவு ஷிஃப்ட் போகிறவர்களுக்காக ஒரு சனிக்கிழமை காலை 7 மணிக்குத் தனியாக ஒன்று. வெளிநாட்டு ஊழியர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் மருத்துவம் பார்க்கும் ஹெல்த்சர்வ் அமைப்பின் விவரம் அச்சடித்த சீட்டு முதலில், ஊசி பிறகு. உள்ளூர்க்காரர்களுக்கு அவர்கள் வீட்டுப் பக்கத்துப் பலதுறை மருந்தகத்தின் சீட்டு. பெயர் எழுத வேண்டாம். வயது, வேலை, எந்த ஷிஃப்ட் என்று மூன்று கட்டம் போதும். கூடவே இன்னொரு தாளில், கூப்பிட்டும் "வேண்டாம்" என்று போனவர்களுக்கு ஆளுக்கு ஒரு கோடு. அந்தத் தாளைப் பிடிக்கத்தான் இன்னும் இரண்டு பேர் வேண்டும்.